இதில் படிக்க ஒன்றுமில்லை

1963 பிப்ரவரி 18, திங்கள்

காலையில் மெஸ்ஸில் பொங்கல். மிளகு அதிகம். அலுவலகத்தில் நுழைந்ததும் சூப்பிரண்டு அப்பளாச்சாரி கூப்பிட்டார். மேஜையில் பழுப்புக் காகிதம் சுற்றிய கட்டு ஒன்று இருந்தது.

"தெய்வசிகாமணி, இதைப் பாரும். ஹார்பர்லேர்ந்து வந்திருக்கு. யாரோ டிராயிங் டீச்சர், ஜப்பான்ல ஒசாகாவுக்கு எக்ஸிபிஷனுக்கு அனுப்பறாளாம். உள்ளே பன்னெண்டு படம். படம்னு அவ சொல்றா. பார்த்தா எழுத்தாட்டம் இருக்கு, என்ன பாஷைன்னு ஒருத்தருக்கும் தெரியலே. சீனாக்காரனோட சண்டை நின்னு மூணு மாசந்தான் ஆறது. தெரியாத எழுத்தைக் கப்பல்ல ஏத்த மாட்டேன்னுட்டான்."

முதலில் ஊரிலிருக்கும் சீனப் பல் வைத்தியர் ஒருவரிடம் காட்டினார்களாம். அவர், இது எங்கள் மொழி இல்லை, நீங்கள் வாயைத் திறங்கள் என்றாராம்.

"இது எந்த பாஷையும் இல்லேன்னு ஒரு வரி எழுதிக் குடும். அனுப்பிடுவான். கப்பல் மார்ச் பதினாறு."

எங்களுடையது கல்வெட்டு படிக்கிற அலுவலகம். கோயில் சுவரில் ஈரக் காகிதத்தை ஒட்டி, மை ஒற்றிப் படியெடுத்து வருவார்கள். அதை மேஜையில் விரித்து எழுத்தெழுத்தாகப் படிப்பது என் வேலை. பதினான்கு வருடமாகச் செய்கிறேன். படிக்க முடியாத எழுத்துக்குப் புள்ளி வைப்பது எங்கள் வழக்கம். மற்றவர்கள் படித்த பக்கத்தில் புள்ளிகள் அம்மைத் தழும்பு போல இருக்கும். என் பக்கத்தில் தேடித்தான் பார்க்க வேண்டும். தற்பெருமைக்காகச் சொல்லவில்லை, ரிஜிஸ்டரில் இருக்கிறது.

ஒரு வரி எழுத ஐந்து நிமிடம் போதும். நாளை முடித்துவிடலாம்.

பிப்ரவரி 19, செவ்வாய்

ஐந்து நிமிடத்தில் முடியவில்லை.

பன்னிரண்டும் கறுப்பு மையில் நிப்பால் எழுதிய தாள்கள். வரைந்தவை என்றுதான் சொல்ல வேண்டுமோ. ஒன்று உறவினருக்கு எழுதிய கடிதம் மாதிரி இருக்கிறது. ஒன்று கட்டம் போட்ட பஞ்சாங்கப் பக்கம் மாதிரி. ஒன்று அப்படியே கல்யாணப் பத்திரிகை: நடுவில் பெரிய எழுத்து, இரண்டு பக்கமும் பெற்றோர் பெயர் இருக்கவேண்டிய இடம், கீழே சுற்றமும் நட்பும். ஆனால் ஓர் எழுத்துகூட எழுத்து இல்லை. சுழிகிறது, வளைகிறது, கொம்பு வைக்கிறது, கால் போடுகிறது, எதுவும் ஆகாமல் அடுத்ததற்குப் போய்விடுகிறது.

சாயங்காலம் வரை பார்த்தேன். கண் வலிக்கிறது.

பிப்ரவரி 21, வியாழன்

மொத்தம் முப்பத்தேழு குறிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை போட்டிருக்கிறேன். சில குறிகள் வரியின் தொடக்கத்தில் மட்டுமே வருகின்றன. நத்தை மாதிரி ஒரு குறி வரியின் முடிவில் இருபத்திரண்டு தடவை வருகிறது. ஒன்றுமில்லாத கிறுக்கலில் இத்தனை ஒழுங்கு எப்படி வரும்?

மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன். பதினான்கு வருடத்தில் இது இரண்டாம் முறை. முதல் முறை ஒரு வட்டெழுத்துக் கல்லுக்காக.

பிப்ரவரி 23, சனி

அப்பளாச்சாரியிடம் குறிப்பு கொடுத்துவிட்டேன். "ஆய்வுக்கு வந்த தாள்களில் காண்பவை இதுவரை அறியப்படாத ஓர் எழுத்து முறையாக இருக்கக்கூடும் எனக் கருத இடமுண்டு." முப்பத்தேழு குறிகளின் பட்டியலும் இணைப்பு. அவர் வழக்கம்போல் படிக்காமல் கையெழுத்துப் போட்டுக் குறிப்பை மட்டும் அனுப்பிவிட்டார். தாள்கள் என் மேஜையிலேயே இருக்கின்றன.

உலகத்துக்குப் புதிதாக ஓர் எழுத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தவன் போல நடந்தே அறைக்கு வந்தேன். வழியில் கால் கிலோ திராட்சை வாங்கினேன். புளிப்பு.

பிப்ரவரி 26, செவ்வாய்

பதினொரு மணிக்கு ஓர் அம்மாள் வந்தார். கஞ்சி போட்ட நீலக் கைத்தறிப் புடவை, விரல் நுனியில் மைக்கறை. பெயர் எஸ்தர் நவமணி. சொந்த ஊர் நாசரேத் பக்கம், இங்கே வேப்பேரியில் ஒரு பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர். வயது முப்பத்தைந்து இருக்கலாம். கோப்புக்கு இது தேவையில்லை, சும்மா எழுதி வைக்கிறேன்.

நின்றுகொண்டே கேட்டார். "ஸார், எனக்குத் தெரியாத ஒரு பாஷைய நான் எழுதியிருக்கேன்னு சொன்னீங்களாமே. அதுல என்ன எழுதியிருக்கேன்னு கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன்."

அட்டைப் பெட்டியைத் திறந்து முப்பத்தேழு குறிகளையும் காட்டினேன். நத்தையையும் காட்டினேன். அவர் ஒவ்வொரு அட்டையாக எடுத்துப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டார்.

"இது என் கைப்பழக்கம் ஸார். நிப்பு மை தீரப்போற நேரம், ஒரு சுத்து சுத்தி எடுத்துருவேன். அதான் உங்க நத்தை."

பிறகு உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். ஹார்பர் அதிகாரி என் குறிப்பைப் படித்துவிட்டு, இது தெரியாத எழுத்து என்று சர்க்கார் அலுவலகமே சொல்லிவிட்டதால் தாள்களை டெல்லிக்கு அனுப்பப் போகிறாராம். டெல்லிக்குப் போனால் ஆறு மாதம். கண்காட்சி ஏப்ரலில்.

"பதினொரு வருஷமா வரையுதேன் ஸார். ஒருத்தரும் இதப் படம்னு ஒத்துக்கிட்டதில்ல. ஒசாகாவுல இருந்துதான் மொதல்ல ஒரு கடிதாசி வந்துச்சு, அனுப்புங்கன்னு. அதுக்குள்ள நீங்க இத எழுத்துன்னு ஒத்துக்கிட்டீங்க."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. காப்பி வரவழைத்துக் கொடுத்தேன். சர்க்கரை போதவில்லை என்றார்.

பிப்ரவரி 27, புதன்

முடி வெட்டிக்கொண்டேன்.

மார்ச் 2, சனி

அவர் வரைவதை நேரில் பார்க்காமல் முன்பு எழுதிய குறிப்பைத் திருத்த முடியாது என்பதால் பிற்பகல் அவருடைய பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வெள்ளைச் சட்டை கசங்கியிருந்ததால் புதியதைப் போட்டுக்கொண்டேன். வேறு காரணம் இல்லை.

டிராயிங் அறையில் உடைந்த பூச்சட்டி, களிமண் மாம்பழம், சுவரெல்லாம் பிள்ளைகள் வரைந்த கிளி. அவர் ஒரு தாளை விரித்து மை தொட்டு எழுதத் தொடங்கினார். கை கடிதம் எழுதுகிற வேகத்திலேயே போகிறது. தயங்குகிறது, யோசிக்கிறது, ஒன்றை அடித்துவிட்டு மேலே திருத்துகிறது. என்ன திருத்தம் என்று கேட்டேன். "பொருந்தல, அதான்" என்றார்.

இது எப்படித் தொடங்கியது என்றும் கேட்டேன்.

"ஸ்டாஃப் மீட்டிங்ல ஸார். எங்க பழைய ஹெட்மிஸ்ட்ரஸ் ரெண்டு மணி நேரம் பேசுவாங்க. எல்லாரும் குறிப்பு எடுக்கணும். நான் எடுக்குத மாதிரி இருக்கட்டும்னு சும்மா எழுத ஆரம்பிச்சேன். மூணு வருஷம் எழுதினேன். நவமணியப் பாருங்க, ஒரு வார்த்தை விடாம எழுதுதான்னு மத்தவங்களுக்குச் சொல்லிக் காட்டினாங்க."

பிறகுதான் வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில், யுத்தத்துக்குப் பிறகு பல ஊர்களில் ஓவியர்கள் இப்படிப் படிக்க முடியாத எழுத்தை வரைகிறார்கள் என்று பார்த்தாராம். "யுத்த காலத்துல எத்தன நோட்டீஸு, எத்தன உத்தரவு, எத்தன பொய்ச் சேதி. படிச்சுப் படிச்சு அவங்களுக்கு அலுத்திருக்கும் ஸார். எழுத்து இருக்கணும், ஆனா அது யாரையும் ஒண்ணும் செய்யச் சொல்லக் கூடாது. அதப் பாத்ததும் எனக்கு அழுகையே வந்துருச்சு. இந்தக் கிறுக்கு எனக்கு மட்டும் இல்லன்னு."

எனக்கு ஒரு சந்தேகம் உறுத்தியது. வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏழாவது தாள்ல வரியெல்லாம் கீழ சரியுது. அன்னைக்கு உடம்பு சரியில்லையா?"

அவர் பேனாவை வைத்துவிட்டார். "உடம்பு இல்ல. தங்கச்சி கல்யாணத்துக்கு மறுநாள். அவளும் போயிட்டா, வீட்டுல நானும் அத்தையுந்தான்."

"பத்தாவதுல கோபம். ஹெட்மிஸ்ட்ரஸ் மேலயா?"

"அது எப்படித் தெரியும்?"

"மூணாவதுல நல்லாப் பசி."

பன்னிரண்டில் ஒன்பது சரியாகச் சொன்னேன் என்றார். நான் எதையும் படிக்கவில்லை. பார்த்தால் தெரிகிறது, அவ்வளவுதான்.

கிளம்பும்போது, இப்போது எழுதியதையே இன்னொரு முறை எழுதச் சொன்னேன். எழுதினார். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். கை ஒன்றுதான், வரி வேறு. ஓர் இடம்கூட ஒத்துப்போகவில்லை. எழுத்து என்றால் திரும்ப வரவேண்டும். இது திரும்ப வராது. இந்தச் சின்னச் சோதனையைப் பத்து நாள் முன்பு செய்திருந்தால் இத்தனை வம்பு இல்லை. அட்டை போடுகிற அவசரத்தில் ஆளை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. கல்லோடு வேலை செய்து பழகியவனுக்கு எழுதினவர் உயிரோடு இருப்பார் என்பதே நினைவில் வருவதில்லை.

மார்ச் 3, ஞாயிறு

அர்த்தமில்லாமல் எழுத நானும் முயன்றேன். முதலில் பிள்ளையார் சுழி விழுந்தது. அதை அடித்துவிட்டு எழுதினேன், கிரந்தம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு எழுதினேன். திறந்து பார்த்தால் "நாராயணன் மெஸ் பாக்கி சாம்பார்" என்று தெளிவாக இருக்கிறது. இது எல்லாராலும் முடிகிற காரியம் இல்லை.

மார்ச் 5, செவ்வாய்

அப்பளாச்சாரி குறிப்பைத் திரும்பப் பெற மறுத்துவிட்டார். "போன காயிதம் போனதுதான் ஓய். ஆபீஸ் தப்பாப் படிச்சதுன்னு நான் எப்படி எழுதறது? வேணும்னா நீர் போய் ஹார்பர்ல பேசும்."

பதினோரு நாள் இருக்கிறது.

மார்ச் 8, வெள்ளி

நவமணியும் நானும் ஹார்பருக்குப் போனோம். அவர் அரை நாள் விடுப்பு. பஸ்ஸில் அவர் முன்னால் பெண்கள் பக்கம், நான் பின்னால். இறங்கியதும் என் டிக்கெட்டையும் தானே எடுத்துவிட்டதாகச் சொன்னார். நானும் இருவருக்குமாக எடுத்திருந்தேன்.

அதிகாரி ஜம்புலிங்கம் கெட்டவர் இல்லை. மேஜையில் குடும்பப் படம், குற்றாலக் குளியல். நாற்காலி போட்டார். ஆனால் ஒரே பிடி.

"ஸார், முதல்ல எழுத்துன்னு எழுதினது நீங்க. இப்ப எழுத்து இல்லைன்னு சொல்றதும் நீங்க. நான் எந்தத் தெய்வசிகாமணியை நம்பறது?"

நவமணி அவர் எதிரிலேயே ஒரு வரி எழுதினார். அதையே திரும்ப எழுதச் சொன்னேன். வேறு வரி வந்தது. ஜம்புலிங்கம் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எழுதத் தெரிஞ்சவங்க வேணும்னே மாத்தி எழுதலாமே மேடம்."

"அப்ப நீங்க ஒரு வரி எழுதுங்க ஸார்" என்று பேனாவை நீட்டினார் நவமணி. "ஒரு அர்த்தமும் வரக் கூடாது."

அவர் சிரித்துக்கொண்டே வாங்கினார். பேனா தாளைத் தொட்டதும் கை தானாக ஒரு சுழற்று சுழற்றி, கீழே கோடு இழுத்து, இரண்டு புள்ளி வைத்தது. பார்த்தால் அவருடைய கையெழுத்து. இன்னொரு முறை முயன்றார். மறுபடி கையெழுத்து. மூன்றாவதும் அதுவே. பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள்.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. "ஸார், இதுல 'ஜ' எங்க இருக்கு?"

தேடினார். "இல்லை."

"'ம்பு'?"

"அதுவும் இல்லை."

"ஒருத்தராலயும் படிக்க முடியாது. ஆனா மூணு தடவையும் அச்சு மாதிரி ஒண்ணா வருது. ஏன்னா அதுல உங்க பேர் இருக்கு. சேதி இருந்தா அது திரும்ப அதே மாதிரி வந்தாகணும் ஸார், இல்லாட்டி வாங்கறவன் எப்படிப் படிப்பான்? இவங்க எழுதினது இவங்களுக்கே திரும்ப வராது. யாருக்கு என்ன சேதி சொல்ல முடியும்?"

ஜம்புலிங்கம் தன் மூன்று கையெழுத்தையும் நவமணியின் இரண்டு வரியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பதினான்காம் தேதிக்குள் என் பெயரில், என் பொறுப்பில், முன்பு எழுதியது தவறு, இதில் எந்தச் செய்தியும் இல்லை என்று சான்றிதழ் கொடுத்தால் கப்பலில் ஏற்றிவிடுவதாகச் சொன்னார். ஒரு வார்த்தை கூடவோ குறையவோ கூடாதாம்.

வெளியே வந்ததும் நவமணி இரண்டு பொட்டலம் வேர்க்கடலை வாங்கினார். "நல்லாப் பேசுனீங்க" என்றார். நான் வழக்கமாக வேர்க்கடலை சாப்பிடுவதில்லை. பித்தம்.

மார்ச் 12, செவ்வாய்

சான்றிதழ் எழுத உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை.

தவறு என்று எழுதுவது கசப்பாகத்தான் இருக்கிறது. என் பெயரில் இருக்கிற முதல் தவறு, அதுவும் ரிஜிஸ்டரில் ஏறும். அதை விழுங்கிவிடலாம். அடுத்த வரிதான் தொண்டையில் நிற்கிறது. "இதில் எந்தச் செய்தியும் இல்லை." ஏழாவது தாளை எடுத்துப் பார்த்தேன். தங்கை போன வீடு அதில் இருக்கிறது. பத்தாவதில் கோபம் இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது போல இதில் ஒன்றுமில்லை என்று எப்படி எழுதுவது? பதினான்கு வருடம் கல்லில் கிடைத்ததெல்லாம் யார் எவ்வளவு நிலம் கொடுத்தார், யார் எத்தனை ஆடு கொடுத்தார் என்பதுதான். எழுதினவர் அன்றைக்கு எப்படி இருந்தார் என்று ஒரு கல்லும் சொன்னதில்லை. இந்தப் பன்னிரண்டு தாளில் அது மட்டுமே இருக்கிறது.

இருக்கிறது என்று எழுதினால் கப்பல் போய்விடும்.

மார்ச் 13, புதன்

எழுதிவிட்டேன். "இத்தாள்களில் எழுத்து எதுவும் இல்லை. செய்தி எதுவும் இல்லை. இவற்றில் படிக்க ஒன்றுமில்லை. முன்பு நான் எழுதிய குறிப்பு என் தவறு." கையெழுத்து, தேதி.

அப்பளாச்சாரி இந்த முறை படித்தார். "சரியாத்தான் எழுதியிருக்கீர், பின்னே ஏன் மூஞ்சியை இப்படி வெச்சுண்டிருக்கீர்?" என்று கேட்டார். வயிறு சரியில்லை என்றேன்.

அட்டைப் பெட்டி இன்னும் மேஜையில் இருக்கிறது. குப்பையில் போட மனம் வரவில்லை.

மார்ச் 16, சனி

அரை நாள் அலுவலகம். பிறகு கடற்கரைப் பக்கம் தற்செயலாகப் போனேன். அங்கே நவமணியும் குடையோடு தற்செயலாக நின்றுகொண்டிருந்தார். கப்பல் மெல்ல நகர்ந்தது. எது அந்தக் கப்பல் என்று இருவருக்கும் நிச்சயமில்லை. பெரியதாகத் தெரிந்ததற்குக் கை காட்டினோம்.

"சான்றிதழ் நகல எனக்கும் குடுத்தாங்க. படிச்சேன்" என்றார். குடையை மடக்கினார். "அதுல ஒண்ணுமில்லன்னு எழுத உங்களுக்குக் கஷ்டமா இருந்துருக்கும்."

"ஆமாம்" என்றேன்.

நல்ல காற்று.

மார்ச் 20, புதன்

அலுவலக விலாசத்துக்கு எனக்கு ஒரு கடிதம். உறையில் விலாசம் அழகான தமிழில், அனுப்பியவர் விலாசம் புரசைவாக்கம். பிரித்தால் உள்ளே ஒரு பக்கம் முழுக்க அதே கறுப்பு மை. சுழிகிறது, வளைகிறது, கொம்பு வைக்கிறது. ஓர் எழுத்தும் இல்லை.

அப்பளாச்சாரி எட்டிப் பார்த்தார். "என்ன எழுதியிருக்கா?"

"ஒண்ணும் இல்ல ஸார்."

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்குத் தேநீருக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 22, வெள்ளி

எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அட்டை போடவில்லை, குறி எண்ணவில்லை. ஒரு முறை தவறாகப் படித்து ஊரைக் கூட்டியவன் நான். இதுவும் அப்படியே இருந்தால், அழைக்காத வீட்டில் போய் நின்று, அத்தை முன்னால் அவருக்கும் தலைகுனிவு, எனக்கும் தலைகுனிவு. பயமாக இருக்கிறது. இருபது முறையாவது விரித்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அதையேதான் சொல்கிறது.

புதிய சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்தேன். காரணம் எழுதவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

புரசைவாக்கத்தில் இறங்கி ஆரஞ்சு வாங்கினேன். வாசல் கதவு மூடியிருந்தது. திரும்பிவிடலாம் என்று இரண்டு முறை தெருமுனை வரை போய் வந்தேன். பிறகு தட்டினேன்.

நவமணிதான் திறந்தார். உள்ளே அத்தை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மேஜையில் மூன்று கோப்பை, ஒரு தட்டில் முறுக்கு.

நவமணி என்னைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலு மணின்னுதான எழுதியிருந்தேன்" என்றார். "இப்ப நாலே கால் ஆவுது."

பஸ் தாமதம் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.